மூன்று நிமிடத்தில் மங்கும் எல்இடி டார்ச்: வாங்குவது முதல் வாரண்டி வரை

இரவு முறைத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், விடியும் முன்னே மல்லிகை எடுக்கப் போகிறவர்கள், தோப்புக் காவலுக்குப் படுக்கிறவர்கள் இவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலூர் பக்கம் எங்கள் வயலுக்கென்று நல்ல விலை கொடுத்து வாங்கிய எல்இடி டார்ச், போட்டதும் பளீரென்று எரியும். வரப்பில் பாதி தூரம் போவதற்குள் மங்கிவிடும். "பேட்டரி வீக்காயிருச்சுண்ணே, வேற போடுங்க" என்றார் கடைக்காரர். வேறு போட்டும் அதேதான். சர்வீஸ் சென்டரில் கேட்டால் டார்ச்சில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். இரண்டு இடத்துக்கும் மாறி மாறி அலைந்து கடைசியில் தெரிந்தது, காரணம் சூடு. இதை வாங்கும்போதே ஒருவர் சொல்லியிருந்தால் பணமும் நேரமும் மிச்சமாகியிருக்கும்.

எல்இடி டார்ச்சின் உண்மையான வெளிச்சம், பத்தாவது நிமிடத்தில், நம் ஊர் வெக்கையில், உங்கள் கையில் இருக்கும்போது அது கொடுக்கும் வெளிச்சம்தான். அட்டையில் அச்சிட்ட எண் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தைப் பற்றியது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பத்தாவது நிமிட வெளிச்சத்தைத் தெரிந்துகொள்வதற்காகத்தான்.

1. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டார்ச் கொடுக்கும் மொத்த வெளிச்சத்தை லுமென் என்று அளக்கிறார்கள். பூ எடுக்க நெற்றியில் கட்டும் லைட்டுக்கு 50 முதல் 100 லுமென் தாராளம். கை எட்டும் தூரத்தில்தான் செடி இருக்கிறது. அதற்கு மேல் போனால் கண்தான் கூசும். வரப்பில் நடக்க, காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்க்க, 150 முதல் 300 வரை போதும். கிணற்று மோட்டார் ரூமை வயலின் இந்தக் கோடியிலிருந்து பார்க்க வேண்டும், தோப்பின் கடைசி வரிசையில் என்ன அசைகிறது என்று தெரிய வேண்டும் என்றால்தான் 500, 1000 என்று யோசிக்க வேண்டும்.

இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 200 லுமென் தேவைப்படுகிறவருக்குச் சூட்டுப் பிரச்சினை அனேகமாக வராது. 1000 லுமென் விடாமல் எரிய வேண்டும் என்கிறவர்தான் இனி வருவதை வரி விடாமல் படிக்க வேண்டும்.

2. சூடு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்இடிக்குள் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெளிச்சமாக வருகிறது. மிச்சமெல்லாம் சூடு. பழைய குண்டு பல்பிலும் சூடு உண்டு, ஆனால் அது வெளிச்சத்தோடு சேர்ந்தே முன்பக்கமாக வெளியேறிவிடும். எல்இடியின் சூடு அப்படிப் போகாது. மிளகு அளவுகூட இல்லாத சில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து அடியில் உள்ள தகட்டுக்கும், தகட்டிலிருந்து டார்ச்சின் உடம்புக்கும், உடம்பிலிருந்து காற்றுக்கும் அது கடந்து போக வேண்டும். இந்த வழியில் எங்கே அடைத்தாலும் சில்லு சூடேறும்.

சில்லு சூடேறினால் மூன்று விதத்தில் வெளிச்சம் குறைகிறது.

முதலாவது, எல்இடியின் இயல்பு. வெள்ளை எல்இடியின் சில்லு 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போனால் அதே மின்னோட்டத்துக்கு வெளிச்சம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். சிவப்பு எல்இடியில் இந்தச் சரிவு இன்னும் அதிகம்.

இரண்டாவது, டார்ச்சுக்குள் இருக்கும் சர்க்யூட் வேண்டுமென்றே குறைப்பது. நாம் பார்க்கிற பெரிய மங்கல் இதுதான். எல்இடியையும் பேட்டரியையும், உங்கள் உள்ளங்கையையும் காப்பாற்ற சர்க்யூட் தானாக மின்னோட்டத்தைக் குறைக்கிறது. இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் கடிகாரக் கணக்கு: கொடைக்கானல் குளிரானாலும் சரி, மதுரை வெயிலானாலும் சரி, மூன்று நிமிடம் ஆனால் பாதியாக்கிவிடும். இன்னொன்று உள்ளே வெப்பத்தை அளக்கும் சென்சார் வைத்து, சூட்டுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்கும். நம் ஊருக்கு இரண்டாவதுதான் நல்லது. மார்கழி இரவில் அதிக வெளிச்சம் கொடுக்கும், சித்திரையில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, எந்தப் பாதுகாப்பும் இல்லாத மலிவு டார்ச். அதில் சூடு ஏற ஏற எல்இடியின் மின்னழுத்தத் தேவை குறையும். கட்டுப்பாடு இல்லாததால் மின்னோட்டம் கூடும். அதனால் இன்னும் சூடாகும். இப்படிப் போய் எல்இடி நிரந்தரமாகவே மங்கிவிடும், அல்லது நீலம் பாய்ந்த நிறத்துக்கு மாறிவிடும். ஆற வைத்தாலும் பழைய வெளிச்சம் திரும்பாது.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. டார்ச் தன் உடம்புச் சூட்டை 45 டிகிரியில் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுரில் என்ற மென்பொருள் உள்ள டார்ச்சுகளில் தொடக்க அமைப்பு இதுதான். காற்றுக்குப் போகும் சூடு, டார்ச்சுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏசி அறையில் 22 டிகிரி என்றால் வித்தியாசம் 23. அக்னி நட்சத்திர மதியம் நிழலில் 39 டிகிரி என்றால் வித்தியாசம் வெறும் 6. அதாவது அதே டார்ச் தொடர்ந்து தாங்கக்கூடிய மின்சாரம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. மே மாத இரவு 28 டிகிரியில் வயலில் நின்றால் வித்தியாசம் 17, முக்கால் பங்கு கிடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் ரூமுக்குள் இரவிலும் 34 இருந்தால் பாதிதான். வேறு ஊரில் இருப்பவர் "எனக்கு நல்லா எரியுதே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர் காற்று வேறு.

3. அட்டையில் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல கம்பெனி டார்ச்சின் அட்டையில் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு தரக்குறியீடு இருக்கும். பக்கத்திலேயே சிறு படங்களோடு மூன்று எண்கள் இருக்கும். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

லுமென் எண்: டார்ச்சைப் போட்ட 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளந்தது. மூன்றாவது நிமிடத்தில் பாதியானாலும் அட்டையில் முழு எண்ணைப் போட இந்த விதி இடம் கொடுக்கிறது.

நேரம்: வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எவ்வளவு நேரம் என்பது. "1000 லுமென், 3 மணி நேரம்" என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் 1000 என்று நினைத்துவிடாதீர்கள். முதல் சில நிமிடம் 1000, பிறகு 350, கடைசியில் 100 வரைக்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று மணி நேரம்.

தூரம்: முழுநிலா வெளிச்சத்துக்குச் சமமான 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் தூரம் (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ்). 200 மீட்டர் என்று போட்டிருந்தால் 200 மீட்டரில் ஆளை அடையாளம் தெரியாது. பாதித் தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆறுதல்: வெளிச்சம் பாதியானால் தூரம் பாதியாகாது. 200 மீட்டர் டார்ச் சூட்டில் பாதியாகக் குறைந்தால் தூரம் 140 மீட்டர் அளவில் நிற்கும்.

ரன்டைம் கிராஃப் என்று நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தைக் காட்டும் கோடு அட்டையிலோ கையேட்டிலோ இருந்தால் மற்ற எல்லா எண்ணையும் விட அதையே நம்புங்கள். கோடு செங்குத்தாக விழுந்து பிறகு தட்டையாக ஓடும். தட்டையான இடத்தில் எத்தனை லுமென் என்று பாருங்கள். நீங்கள் தாளில் எழுதிவைத்த எண் அங்கே இருக்க வேண்டும்.

இந்தக் குறியீடு எதுவும் இல்லாமல் வெறுமனே "10,000 லுமென்" என்று எழுதிய டார்ச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையடக்க டார்ச்சில் 100 லுமெனுக்கு ஏறக்குறைய ஒரு வாட் ஆகும். 10,000 லுமெனுக்கு 100 வாட். அந்த டார்ச்சுக்குள் இருப்பதோ ஒரே ஒரு 18650 செல், அதாவது மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி. நல்ல செல்லாகவே இருந்தாலும் அதில் 11, 12 வாட்-மணி சக்திதான் உண்டு, அதாவது 11, 12 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும். கணக்குப்படி ஏறக்குறைய ஏழு நிமிடம்தான் தாங்கும். அதற்கு முன்பே கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் அது 10,000 லுமென் இல்லை என்றுதான் அர்த்தம்.

4. கடையில் பார்க்க வேண்டியது, கேட்டு வாங்க வேண்டியது

மதுரையில் டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வகை அதிகம், ஆனால் எடையைக் கையில் உணர முடியாது. எடை முக்கியம். ஒரே அளவுள்ள இரண்டு டார்ச்சில் கனமானது சூட்டை அதிக நேரம் வாங்கிவைத்துக்கொள்ளும். 500 லுமெனுக்கு மேல் என்றால் அலுமினிய உடம்பு கட்டாயம். தலைப் பகுதியில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருந்தால் காற்றுப்படும் பரப்பு கூடும். எல்இடி உட்கார்ந்திருக்கும் தகடு செம்பாக இருந்தால் இன்னும் நல்லது, செம்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பிளாஸ்டிக் உடம்பு கெட்டது என்று சொல்லவில்லை. வீட்டில் கரண்ட் போனால் எடுக்கிற 100, 200 லுமென் டார்ச்சுக்கு அது போதும்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. "இது சூடே ஆகாதுங்க" என்று சொல்லி விற்பார்கள். பிரகாசமான டார்ச் வெளியே சூடாகத்தான் வேண்டும். உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். 1000 லுமென் என்று சொல்லி ஐந்து நிமிடம் எரிந்தும் உடம்பு சில்லென்று இருந்தால் இரண்டில் ஒன்று: ஒன்று அது 1000 லுமென் இல்லை, அல்லது எல்இடி தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே சரியான தொடர்பு இல்லாமல் சூடு முழுக்க எல்இடியிலேயே தங்கிவிட்டது. இரண்டாவது வகையில் எல்இடியின் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். தலைப் பகுதி முதலில் சூடாகி, ஓரிரு நிமிடத்தில் கைப்பிடிக்கும் சூடு பரவினால் உள்வேலை ஒழுங்காக இருக்கிறது என்று நம்பலாம்.

செலவு என்று பார்த்தால், நம்பிக்கையான ஒரு செல் அலுமினிய டார்ச் சுமார் 1,500 ரூபாயிலிருந்து 4,000 வரை. தனியாக 18650 செல் வாங்கினால் 300 முதல் 700. தனி சார்ஜர் வேண்டும் என்றால் 500 முதல் 1,000. இவற்றைக் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும். செல் இல்லாமல் விற்கும் டார்ச்சை மலிவு என்று எடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள்.

காகிதங்கள்: ஜிஎஸ்டி எண் போட்ட அச்சு பில். அதில் மாடல் பெயரும், இருந்தால் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வெறும் "டார்ச் - 1" என்று எழுதிய துண்டுச் சீட்டு பிறகு எதற்கும் உதவாது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அங்கேயே போட்டு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு பில்லின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். வெப்பத்தாள் பில் என்றால் சில மாதத்தில் எழுத்து அழிந்துவிடும், அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

5. வாங்கிய அன்றே வீட்டில் சோதித்துப் பாருங்கள்

திருப்பிக் கொடுக்கும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளிப்போடாதீர்கள். தேவையானது ஒரு ஆண்ட்ராய்டு போன், அதில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்று, ஒரு நோட்டு.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, டார்ச்சை ஒரு மணி நேரம் அறையில் ஆற விடுங்கள். சார்ஜ் ஏறிய சூட்டோடு சோதித்தால் கணக்கு தப்பும். இரவில், வெள்ளைக் கூரை உள்ள சின்ன அறையில், குளியலறை என்றால் ரொம்ப நல்லது, டார்ச்சைக் கூரை பார்த்து நிமிர்த்தி வையுங்கள். போனை இரண்டடி தள்ளி, திரை மேலே பார்த்தபடி வையுங்கள். டார்ச்சின் நேர்வெளிச்சம் போன்மேல் படக்கூடாது. கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் படவேண்டும். மின்விசிறி, மற்ற விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். போனை இனி நகர்த்தாதீர்கள், நீங்களும் ஒரே இடத்தில் இருங்கள். நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டைகூட எண்ணை மாற்றும்.

உச்ச வெளிச்சத்தில் போட்டு, 30 வினாடியில் வரும் எண்ணைக் குறியுங்கள். அதுதான் உங்கள் 100 சதவீதம். பிறகு 1, 2, 3, 5, 10, 15, 20 நிமிடங்களில் குறியுங்கள். செயலி காட்டும் லக்ஸ் துல்லியமா என்று கவலைப்பட வேண்டாம், விகிதம்தான் வேண்டும். உதாரணமாக 30 வினாடியில் 240, பத்தாவது நிமிடத்தில் 96 என்றால் 40 சதவீதம். அட்டையில் 1000 லுமென் என்றால் உங்கள் கையில் இருப்பது 400 லுமென் டார்ச்.

கண்ணை நம்பி இதைச் செய்ய முடியாது. மெதுவாகக் குறையும் வெளிச்சத்துக்குக் கண் பழகிக்கொண்டே போகும். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. "மங்கிட்டுதே" என்று நீங்கள் சொல்லும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

பிறகு அணைத்து, ஆறியதும் பேட்டரியை மறுபடி முழுதாக ஏற்றி, முன்போலவே ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இந்த முறை டேபிள் ஃபேனை டார்ச் பக்கம் திருப்பிவைத்து அதே நேரங்களில் குறியுங்கள். இந்த இரண்டு வரிசை எண்களை அருகருகே வைத்தால் போதும்.

ஃபேன் காற்றில் எண்கள் கணிசமாகக் கூடியிருந்தால், உள்ளே சென்சார் வேலை செய்கிறது, குறைத்தது சூடுதான். காற்று இருந்தும் இல்லாமலும் அதே நிமிடத்தில் அதே அளவு விழுந்தால் கடிகாரக் கணக்கு. தட்டையாகவே நிற்காமல் நிமிடத்துக்கு நிமிடம் சரிந்துகொண்டே போனால் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் இல்லை, அல்லது பேட்டரி சரியில்லை. மங்கியதும் அணைத்து, சார்ஜ் போடாமல், பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். வெளிச்சம் முழுதாகத் திரும்பி வந்தால் சூடு அல்லது கடிகாரக் கணக்கு; திரும்பாவிட்டால் பேட்டரி, அல்லது எல்இடியே கெட்டிருக்கலாம். "பேட்டரி வீக்" என்று யார் சொன்னாலும் முதலில் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள், வீணாக ஒரு செல் வாங்கும் காசு மிஞ்சும்.

சோதனை நடக்கும்போது அறையை விட்டுப் போகாதீர்கள். பிரகாசமான டார்ச்சின் கண்ணாடிக்கு நேரே துணியோ பையோ விழுந்தால் கருகும். உடம்பு 60 டிகிரியைத் தொட்டால் உலோகத்தைச் சில வினாடிக்கு மேல் கையில் பிடிக்க முடியாது. அந்த நிலைக்கு வந்தும் சர்க்யூட் குறைக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. பேட்டரியில் விளையாட வேண்டாம்

18650 செல்லில் உண்மையாகக் கிடைக்கும் உச்சக் கொள்ளளவு 3,500 எம்ஏஎச் பக்கம்தான். 6,800, 9,900 என்று அச்சிட்டதெல்லாம் பொய். செல்லின்மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் பதிவு என்று காட்டும்.

லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. நம் ஊரில் இதை மீறுவது ரொம்பச் சுலபம்: வயலில் எரித்துவிட்டுச் சூட்டோடு வந்து சொருகினால் போதும். அரை மணி நேரம் ஆறட்டும். டூவீலர் சீட்டுக்கு அடியிலும், டிராக்டர் டூல் பாக்ஸிலும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டிலும் டார்ச்சைப் போட்டுவைக்காதீர்கள். சித்திரை வைகாசியில் அங்கே 60 டிகிரிகூடத் தாண்டலாம். செல்லின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், வீங்கினால் ஆபத்து. மேலுறை கிழிந்த செல்லையும் வீங்கிய செல்லையும் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

7. வயலில் பயன்படுத்தும்போது

உச்ச வெளிச்சம் தேவைப்படும்போது மட்டும். மற்ற நேரம் நடு அளவு. 1000 லுமென் டார்ச்சை 300இல் வைத்து நடந்தால் சூடே பிரச்சினை இல்லை, பேட்டரியும் அதிக நேரம் வரும். தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும் என்றால் ஏற்றி, பார்த்துவிட்டு இறக்குங்கள். டார்ச் ஆறியிருப்பதால் அந்த நேரத்தில் முழு வெளிச்சம் கிடைக்கும். இதைப் பழக்கிக்கொண்டவர்களுக்கு மங்கல் பற்றிய புகாரே வராது.

கையில் பிடித்திருப்பது நல்லது. உடம்பின் இரத்த ஓட்டம் சூட்டை வாங்கிக்கொண்டு போகும், நடக்கும்போது காற்றும் படும். அதே டார்ச்சை மோட்டார் ரூம் சுவரில் ஆணியில் தொங்கவிட்டால் சீக்கிரம் மங்கும். துணி உறைக்குள் வைத்து எரிப்பதும் அப்படித்தான். சூடான டார்ச்சை வாய்க்கால் தண்ணீரில் முக்கி ஆற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். கண்ணாடி விரிசல் விடும். உள்ளிருக்கும் சூடான காற்று சுருங்கும்போது ரப்பர் வளையத்தின் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும்.

8. வாரண்டிக்குப் போவதற்கு முன்

முதலில் கையேட்டைப் படியுங்கள். "குறிப்பிட்ட நேரத்தில் அல்லது வெப்பத்தில் வெளிச்சம் தானாகக் குறையும்" என்று அதில் இருந்தால், அதற்காக வாரண்டி கேட்க முடியாது. எங்களை அலைய வைத்ததும் இந்த வரிதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ஆனால் கீழே உள்ளவை கோளாறுகள், விடாதீர்கள்: ஆறிய பிறகும் வெளிச்சம் திரும்பாதது, உடம்பு சூடாகும் முன்பே, அரை நிமிடத்துக்குள் சரிவது, விட்டுவிட்டு எரிவது, நிறம் நீலமாக மாறுவது, பல எல்இடி உள்ள டார்ச்சில் ஒன்று மட்டும் அணைவது, கையேட்டில் சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே குறைவது.

கேட்கும்போது பில் நகல், வாரண்டி அட்டை, சீரியல் எண் தெரியும் போட்டோ, நீங்கள் எழுதிய இரண்டு வரிசை எண்கள், ஒரு வீடியோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். வீடியோவில் டார்ச், லக்ஸ் திரை, கடிகாரம் மூன்றும் ஒரே காட்சியில் தெரியட்டும். போனில் பேசி முடித்தாலும் அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், தேதி அதில்தான் நிற்கும். டார்ச்சைக் கூரியரில் அனுப்பச் சொன்னால் கழற்றக்கூடிய செல்லை எடுத்துவிட்டு அனுப்புங்கள். லித்தியம் செல்லை விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு இருப்பதால் பார்சல் திரும்பி வந்துவிடலாம். கூரியர் ரசீதையும் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

திறந்து பார்த்து நீங்களே தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) தடவுவது வாரண்டி முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. தலையைக் கழற்றினாலே பல கம்பெனிகள் வாரண்டியை ரத்து செய்துவிடும்.

9. கடையும் கம்பெனியும் கைவிட்டால்

ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதற்கும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியோடு அவர்களே பேசுவார்கள், சின்னத் தொகை விவகாரம் பெரும்பாலும் இங்கேயே முடிய வாய்ப்பு உண்டு.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; கம்பெனி டெல்லியில் இருந்தாலும் மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். வழக்கு அதைவிட இழுக்கும் என்று நினைத்துத் திட்டமிடுங்கள். டார்ச்சை ஆய்வகத்துக்கு அனுப்பும் கட்டம் வந்தால், உங்கள் நோட்டின் அசலை மனுவோடு கொடுத்துவிடாமல் நகலை மட்டும் இணையுங்கள். எந்த அறை வெப்பத்தில் சோதித்தீர்கள் என்பதையும் அதில் எழுதியிருக்க வேண்டும். ஆய்வகம் குளிரூட்டிய அறையில் சோதித்துச் சரியாக எரிகிறது என்று சொன்னால், உங்கள் பக்கம் பேசுவதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அந்த எண்தான்.